கலைச்சொல் வேண்டும்: பழைய அசல் பாகங்களால் கையால் செய்த திரைப்பொருள்

ரோஸ் ஹில், கைவினை ஆசிரியை:

மொரீஷியஸ், ரெயூனியன் தீவுகளின் கலைச்சொல் மடற்குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்; வழக்கம்போல் ஊர்ப்பெயரிலேயே எழுதுகிறேன். எங்கள் கல்லூரிக் கண்காட்சியின் விளக்க அட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதி முடித்த ஓர் அட்டை, தமிழில் மட்டும் முடியாமல் நிற்கிறது. பொருள் இதுதான்: 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் இளைய நாயகன் ஏந்தும் ஒளிவாளின் பிடி. அந்தப் படத்தில் அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் கிடைத்த கிராஃப்லெக்ஸ் நிறுவனக் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடியில் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, கவ்விக்குள் ஒரு கணிப்பானில் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்வில்லைப் பட்டையைச் செருகி, அதை வாளாக்கினார். எங்கள் மாணவர் ஒருவர், தாய்மாமன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த அதே வகைப் பழைய கைப்பிடியைக் கொண்டு, அதே முறையில் கையாலேயே அதைச் செய்திருக்கிறார். புதிய உலோகத்தைக் கடைந்து செய்த நகலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தலைப்பிலேயே தெரிய வேண்டும். பிள்ளைகள் பிரெஞ்சில் 'ரெப்ளிக்' (நகல்) என்கிறார்கள். அந்தச் சொல் இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

மோக்கா:

'மாதிரி' என்று போட்டால் எல்லாருக்கும் புரியும். இதற்குப் போய் ஒரு புதுச்சொல் எதற்கு?

கியூர்பிப், கப்பல் மாதிரிப் பட்டறைக்காரர்:

ஐயா, இந்தத் தீவில் 'மாதிரி' என்ற சொல்லின் மேல் எங்கள் பட்டறைகளுக்குத்தான் முதல் உரிமை. பழைய கப்பலின் வரைபடத்தைப் பார்த்து, அளவைச் சுருக்கி, புது மரத்தில் செய்வதே மாதிரி; அதில் அந்தக் கப்பலின் ஓர் ஆணிகூட இருக்காது. ஆசிரியை அம்மா சொல்லும் பொருளிலோ அளவு சுருங்கவில்லை. பெரிய டார்ச் பேட்டரி மூன்றை உள்ளே வாங்கும் குழாயும், சிவப்புப் பொத்தானும், கவ்வியும் ஒரு காலத்தில் பத்திரிகைப் படக்காரரின் ஸ்பீட் கிராஃபிக் கேமராவோடு உழைத்த அதே வகைப் பாகங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாள் செய்பவர்கள் வாங்கி வாங்கி இந்தக் கைப்பிடிகள் அரிதாகவும் விலை கூடியும் போயின என்று பழைய கேமரா சேகரிப்பவர்களுக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. ஒட்டிய பட்டையைப் பிறகு உரித்துவிடலாம். ஆனால் அடிமூடியில் வளையம் மாட்டத் துளையிட்டால், அந்தத் துளை போகாது. ஆகவே உள்ளே இருப்பது உண்மையான பழைய பாகம் என்பதை அட்டை மறைக்கக் கூடாது என்பதில் நான் அம்மா பக்கம்.

திரியோலே, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பர்களே, நம் இலக்கணம் தந்த சொல் கையிலேயே இருக்கிறது: போலி. அறம் அறன் ஆவது கடைப்போலி, ஐந்து அஞ்சு ஆவது முற்றுப்போலி. எழுத்து மாறினாலும் பொருள் மாறாமல் நிற்பதால்தான் இலக்கணத்தார் இவற்றைப் போலி என்றனர். 'போல்' என்ற உவம உருபிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு இழிபொருளை ஏற்றியது பிற்காலக் கடைத்தெரு. ஏற்றியதை இறக்க வேண்டாமா? புதிய உலோகத்தில் முழுவதும் செய்ததை முற்றுப்போலி எனலாம். பழைய குழாயை வைத்துக்கொண்டு முனையை மட்டும் மாற்றியதைக் கடைப்போலி எனலாம். இவ்வளவு நுட்பம் வேறெந்தச் சொல்லில் கிடைக்கும்?

ரோஸ் ஹில்:

ஐயா, நுட்பத்தை வணங்குகிறேன். ஆனால் மாணவரின் பெயருக்கு மேலே 'போலி' என்று அச்சிட்டு மாட்டினால், அவருடைய பாட்டியார் என்னிடம் வந்து கேட்கும் கேள்விக்கு நன்னூல் துணைக்கு வராது.

போர்ட் லூயி:

கையில் ஏந்தும் அரங்கப் பொருளைப் பற்றிப் பேசும்போது சிலப்பதிகாரத்தை எவரும் நினைக்காதது வியப்பாக இருக்கிறது. அரங்கேற்று காதையில் வரும், ஆடல் அரங்குக்கு உரிய சிறப்புக் கோலான தலைக்கோல் எப்படிச் செய்யப்பட்டது? புதிதாக ஒரு மூங்கிலை வெட்டிக் கொண்டு வரவில்லை. தோற்றோடிய மன்னனிடமிருந்து கைப்பற்றிய வெண்கொற்றக் குடையின் காம்பை எடுத்து, கணுக்களில் மணி பதித்து, இடையிடையே பொற்றகடு போர்த்திச் செய்தார்கள். வேறொரு வேலைக்குப் பிறந்த உண்மையான பழம்பொருளை, அதன் உருவம் கெடாமல், அரங்குக்கு உரியதாக மாற்றும் இந்தக் கலை நமக்குப் புதிதன்று. கிறிஸ்டியன் ஃபிளாஷ் கைப்பிடிக்குச் செய்ததும் அதுவே. எனவே 'காம்பு' என்ற சொல்லை மீட்கலாம். காம்பு, கம்பு, கம்பம் மூன்றும் ஒரே வேரினவாக இருக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

மோக்கா:

தனி மடலிலேயே இருக்கட்டும் ஐயா. வெற்றிலைக்கும் பூவுக்கும் உள்ள காம்பைத்தான் எங்களுக்குத் தெரியும். தவிர, இந்த ஒரு வாளுக்குப் பொருந்தும் சொல் மற்றவற்றுக்குப் பொருந்தாது.

கியூர்பிப்:

அது சரிதான். அதே படத்தில் முதியவர் ஏந்தும் வாளைப் பாருங்கள். அதன் பிடியில் முதல் உலகப்போர்க் காலத்தில் துப்பாக்கியால் ஏவிய எறிகுண்டின் உடல், ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய், பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியின் ஒரு பகுதி, தண்ணீர்க் குழாயின் கைத்திருகு எல்லாம் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. அதை அசல் பாகங்களால் செய்ய விரும்புகிறவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடிப் பிடிக்க வேண்டும். எதுவும் காம்பு அன்று, எல்லாம் பாகம். சொல்லில் 'பாகம்' இருந்தே ஆக வேண்டும்.

ரெயூனியன், சேன்ட் அந்திரே:

எங்கள் தீவில் தமிழை வளர்ந்த பிறகு கற்பவர்களே மிகுதி. அவர்கள் அகராதியைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய சொல்லாக இருந்தால் போதும். இலக்கியச் சுவை பிறகு வரட்டும்.

திரியோலே:

போலியை விட்டேன். 'வழிப்பொருள்' என்பதைக் கருதுக. முன்னோர் நூலின் முடிபை ஏற்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் கூறுவது வழிநூல். சிறிதே ஒத்து மற்றவற்றில் வேறுபடுவது சார்புநூல். அவ்வாறே பழைய பாகத்தால் ஆனது வழிப்பொருள், புதிதாகக் கடைந்தது சார்புப்பொருள், படப்பிடிப்பில் இருந்த மூலம் முதற்பொருள்.

போர்ட் லூயி:

முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியம் படித்த பிள்ளை எழுதிவிடும். வழிப்பொருள் என்பதோ வழியில் கண்டெடுத்த பொருள் போல ஒலிக்கிறது.

ரோஸ் ஹில்:

நாளை மறுநாள் வெள்ளி. 'படி' என்ற சொல்லை எவரும் மறுக்கவில்லை. ஓலையைப் படியெடுத்தார்கள் என்று இன்றும் எழுதுகிறோம். அதன் முன்னே எதைச் சேர்ப்பது? 'மெய்யுறுப்புப் படி' என்று எழுதிப் பார்த்தேன். உடலுறுப்பு என்று ஒரு மாணவி படித்தாள். 'பழம்பொருட் படி' எப்படி?

திரியோலே:

அது ஆறாம் வேற்றுமையாக விரிந்து, பழம்பொருளின் படி என்றே பொருள்படும். அருங்காட்சியகச் சிலைக்கு எடுத்த நகலைப் போல. நமக்கு வேண்டியது பொற்குடம் போன்ற தொகை. பொன்னால் ஆகிய குடம் என்பதைப் போல, பழம்பாகத்தால் ஆகிய படி.

கியூர்பிப்:

அப்படியானால் 'பழம்பாகப் படி'. எனக்கு இது போதும்.

மோக்கா:

எனக்கும் போதும். ஆனால் சேர்த்து எழுதாதீர்கள். 'பழம்பாகப்படி' என்றால் பாகப்பிரிவினைப்படி பழம் பங்கிட்டது போல இருக்கிறது.

ரெயூனியன்:

ஏற்கிறேன். இரண்டு சொல்லையும் அகராதியில் தேட முடிகிறது.

ரோஸ் ஹில்:

நன்றி. அட்டையில் 'ஒளிவாள் பிடி: பழம்பாகப் படி' என்று தலைப்பிட்டு, அதன் கீழே, "பழைய கிராஃப்லெக்ஸ் ஃபிளாஷ் கைப்பிடியைக் கொண்டு கையால் செய்தது, கறுப்புப் பட்டைகள், வில்லைப் பட்டை, வளையம் ஆகியவை புதியவை, அடிமூடி துளையிடப்பட்டுள்ளது" என்று சேர்த்து அனுப்பிவிட்டேன்.

திரியோலே:

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன், உடன்படவில்லை. பட்டையும் வளையமும் புதியவை என்று நீங்களே எழுதிவிட்ட பிறகு, அதை முழுமையாகப் பழம்பாகத்தால் ஆகிய படி என்பது எப்படிப் பொருந்தும்? பாதி பழையதும் பாதி புதியதுமான பொருளுக்கு என் வழிப்பொருள்தான் சரியான சொல். அடுத்த கண்காட்சிக்கு முன் மீண்டும் எழுதுவேன்.