வேலூர் வெயிலில் மண்ணில்லாமல் வசாபி: வீட்டில் வளர்க்க வழி உண்டா?

சத்துவாச்சாரி மாடித்தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே பி.வி.சி. குழாய்களை அடுக்கி, ஹைட்ரோபோனிக்ஸ் முறையில், அதாவது மண்ணில்லாமல் ஓடும் உரநீரில், புதினா, பாலக்கீரை, வல்லாரை ஆகியவற்றை வளர்த்து வருகிறோம். கார்த்திகை முதல் தை வரை லெட்யூஸும் குறை சொல்ல முடியாத அளவுக்கு வருகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், அங்கே ஓர் உணவகத்தில் கண்ணெதிரே துருவித் தந்த வசாபி என்ற காரமான ஜப்பானியக் கிழங்கைச் சாப்பிட்டதிலிருந்து, "அப்பா, அது ஓடும் தண்ணீரில் வளரும் செடியாம், நம் வீட்டிலும் ஓடும் தண்ணீர்தானே இருக்கிறது" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இருக்கிற குழாய்களிலேயே ஒரு வரிசையை இதற்கு ஒதுக்க முடியுமா, அல்லது தனி ஏற்பாடு தேவையா என்பது என் முதல் கேள்வி. எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள உப்புகளின் அளவு, 1,200-க்குக் குறைவதில்லை என்பதால், கீரைக்கே ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்துதான் விடுகிறோம். வசாபிக்கு அது போதுமா? இணையத்தில் விதைப் பொட்டலங்கள் விற்கிறார்கள். அவற்றை நம்பி வாங்கலாமா? நம் ஊரில் யாரேனும் முயன்று பார்த்திருந்தாலும், குளிர்சாதனத் தொழில் தெரிந்தவர்கள் இருந்தாலும் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காட்பாடி குளிர்ப்பெட்டி:

வணக்கம் ஐயா. நான் ஏ.சி., ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன். வீட்டில் சிறிய அளவில் ஹைட்ரோபோனிக்ஸும் செய்து வருகிறேன். வசாபியை நான் வளர்த்ததில்லை என்றாலும், அதற்கு என்ன குளிர்ச்சி வேண்டும், அதை நம் ஊரில் எப்படித் தரலாம் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். உங்கள் மாடிக் குழாயில் வசாபி பிழைக்காது. டி.டி.எஸ்.ஸை ஆர்.ஓ. கொண்டு சரிசெய்துவிடலாம்; தண்ணீரின் சூட்டைத்தான் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

ஜப்பானில் இது மலையோடைகளின் ஓரத்தில், மர நிழலில் தானாக வளரும் செடி. ஷிசுவோகா மாநிலத்தில் உதோகி என்ற மலைக்கிராமத்தில் ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் இதைப் பயிராக்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். அதே மாநிலத்தின் இசு தீபகற்பத்தில், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, அடியில் பெருங்கல், அதன்மேல் சிறுகல், மேலே ஜல்லியும் மணலும் பரப்பி, ஊற்றுநீரை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இடைவிடாமல் வழியவிடுகிறார்கள். ஷிசுவோகாவின் இந்த மரபுவழிச் சாகுபடியை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2018-இல் உலக வேளாண் மரபுச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த ஊற்றுநீர் கோடையிலும் குளிரிலும் சுமார் 12 முதல் 15 டிகிரிக்குள்ளேயே நிற்பதுதான் அங்கே செடிக்குக் கிடைக்கும் பெரிய சொத்து. நம் வீட்டில் கத்திரி வெயில் நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் கை பொறுக்காது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. 13 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 10.5 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். சூட்டில் வேருக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. அழுகல் நோய்க் கிருமிகளுக்கும் அந்தச் சூடுதான் பிடிக்கும். கீரை இதைத் தாங்கிக்கொள்ளும். வசாபிக்குத் தண்ணீர் 18 டிகிரியைத் தாண்டினாலே நலிவு தொடங்கி, கிழங்கின் அடிப்பகுதி கொழகொழவென்று அழுகிவிடும்.

சரி, மீன்தொட்டிக்குப் போடும் சில்லர் என்ற நீர்க்குளிர்விப்பானை வாங்கித் தண்ணீரை மட்டும் குளிரவைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். வேர் குளிர்ச்சியாக இருந்தாலும், காற்று 27, 28 டிகிரிக்கு மேல் போனால் இலை வாடிவிடும். ஆகவே, செடியிருக்கும் இடம் முழுவதுமே குளிர வேண்டும். ஓர் அறைக்கு ஒரு டன் ஏ.சி. போட்டு இரவு பகலாக ஓட்டினால், சராசரியாக 600 வாட் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதக் கணக்கில் 850 யூனிட்டைத் தாண்டும். வீட்டுச் செலவோடு அதைச் சேர்த்தால் 500 யூனிட் வரம்பைக் கடந்து கட்டண விகிதமே மாறிவிடும். அதன் பிறகும் வீட்டு ஏ.சி.யில் 16 டிகிரிக்குக் கீழே வைக்க முடியாது. ஒரு கிழங்கு தேறப் பதினெட்டு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் பரிந்துரைப்பது வேறு. பெட்டிக்கடைகளில் குளிர்பானம் அடுக்கும், கண்ணாடிக் கதவுள்ள ஃபிரிட்ஜ் பழையதாக வேலூரில் தாராளமாகக் கிடைக்கும். 300 லிட்டர் அளவுள்ள ஒன்றை வாங்கி, நடுத் தட்டுகளைக் கழற்றிவிட்டு, அடியில் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் இருபது, இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் வைத்து, மூடியில் துளையிட்டு இரண்டு அல்லது மூன்று செடிகளை நிறுத்தலாம். அதற்கு மேல் இடமிருக்காது. இலை அகன்று முழங்கால் உயரம் வரை வரும். ஃபிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை நம்பாமல், வெளியே ஒரு டிஜிட்டல் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியைப் பொருத்தி, அதன் சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் தண்ணீருக்குள் இறக்கி, 14 டிகிரிக்கு வையுங்கள். சென்சார் காற்றில் இருந்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடி நின்று சீக்கிரம் கெடும். கண்ணாடியில் வெயில் விழாத உள்ளறையில் வைத்தால் ஒரு நாளைக்கு மூன்று யூனிட்டுக்குள் முடித்துவிடலாம் என்பது என் மதிப்பீடு.

தண்ணீரில் காற்றுக்குமிழ் விடும் ஏர் பம்ப்பை ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்து, குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் செடிக்கு வேண்டிய புதுக்காற்றும் அந்த வழியாகவே வந்துவிடும். பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

ஆர்.ஓ. தண்ணீர் சரிதான், ஆனால் அதில் கால்சியமும் மக்னீசியமும் போயிருக்கும். அவற்றைச் சேர்த்து, கீரைக்குக் கொடுப்பதில் பாதி அளவு உரக்கரைசலோடு தொடங்கி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 6-க்கும் 7-க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் போதும். வசாபியின் வேரிலிருந்து கசியும், மூக்கில் ஏறும் காரச்சுவைப் பொருள் தேங்கினால் அந்தச் செடியின் வளர்ச்சியையே தடுக்கும், ஓடும் நீர் அதை அடித்துச் சென்றுவிடுவதால்தான் ஓடை வசாபி பெருக்கிறது என்பார்கள். நாம் அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவதால், வாரம் ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றிவிடுவது நல்லது.

ஜவ்வாது அடிவாரம்:

வணக்கம். வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; குளிர்சாதனக் கணக்கைக் காட்பாடி நண்பர் தெளிவாக எழுதிவிட்டார்.

வசாபி விதை காய்ந்தால் முளைப்புத்திறனை இழந்துவிடும். ஈரத்தோடு குளிரில் வைத்துப் பாதுகாத்தால்தான் முளைக்கும். எனவே, கடுகு விதை போலக் காய்ந்து, வண்ணப்படம் போட்ட பொட்டலத்தில் வரும் எதையும் வசாபி என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அவற்றில் பல, வசாபிச் சுவையுள்ள கடுகுக்கீரை அல்லது அருகுலா வகைகள். வசாபி விவசாயிகள் பெரும்பாலும் தாய்ச்செடியின் பக்கத்தில் வெடிக்கும் கன்றுகளைப் பிரித்து நடுகிறார்கள். திசு வளர்ப்புக் கன்றுகளும் உண்டு. தாருமா, மசுமா என்ற இரண்டும் பெயர்பெற்ற ரகங்கள். கன்று வாங்குவதானால், எந்த ரகம், எங்கே திசு வளர்ப்பு செய்யப்பட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி, இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதையையோ கன்றையோ கொண்டுவர முடியாது.

ஏலகிரியில் நிலம் வைத்திருக்கும் சிலர், மலை குளிர்ச்சிதானே, அங்கே வெட்டவெளியில் வைக்கலாமா என்று இதற்கு முன் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஏலகிரியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். வேலூர் நகரைவிட ஏறக்குறைய 900 மீட்டர் கூடுதல். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்குப்படி, இங்கே 40 டிகிரி காயும் நாளில் அங்கே 34, 35 இருக்கும். நமக்கு அது சுகம். வசாபிக்கு அது சாவு. காவலூர் தொலைநோக்கி இருக்கும் ஜவ்வாது மலைப்பகுதியோ 725 மீட்டர்தான். தமிழ்நாட்டில் இதைத் திறந்த வெளியில் நினைத்துப் பார்க்க வேண்டுமானால், 2,200 மீட்டருக்கு மேலுள்ள உதகைப் பக்கம், வற்றாத ஊற்றும் சோலை நிழலும் உள்ள இடமாகப் பார்க்க வேண்டும். நீரில்லா ஆறு என்று பெயர் வாங்கிய பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு ஓடைப் பயிரைப் பற்றி இவ்வளவு பேசுவதே ஒரு வேடிக்கைதான்.

கொசப்பேட்டை சமையற்கட்டு:

வணக்கம் அண்ணா. செடி வளர்ப்பில் எனக்கு அனுபவம் இல்லை. சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. உங்கள் மகளுக்கு வேண்டியது அந்தச் செடியா, அல்லது மூக்கில் ஏறும் அந்தக் காரமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வசாபி கடுகுக் குடும்பத்துச் செடி. அதன் கிழங்கில் சினிக்ரின் என்ற பொருள் ஒரு பக்கமும், மைரோசினேஸ் என்ற நொதி வேறொரு பக்கமும் தனித்தனியே இருக்கும். துருவும்போது இரண்டும் கலந்து அல்லைல் ஐசோதயோசயனேட் பிறக்கிறது; மிளகாயைப் போல நாக்கில் தங்காமல் நேராக மூக்குக்கு ஏறுவது அதுதான். நம் கடுகிலும் அதே பொருளும் நொதியும் உண்டு. தாளிக்கும்போது காய்ந்த எண்ணெயில் நொதி செத்துவிடுவதால் கடுகுக்கு அந்தக் காரம் வருவதில்லை. ஆனால், ஆவக்காய்க்குப் போடும் பச்சைக் கடுகுப்பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள், கண்ணில் நீர் வந்துவிடும். வெந்நீர் ஊற்றக் கூடாது. கடைகளில் குழாய்க்குள் அடைத்து வரும் பச்சைப் பசையும் பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் என்ற வேறொரு காரக் கிழங்கு, கடுகு, பச்சை நிறம் ஆகியவற்றின் கலவைதான். அதில் உண்மையான வசாபி இருந்தாலும் சிறிதளவே இருக்கும்.

துருவிய வசாபியின் மணம் பதினைந்து, இருபது நிமிடத்தில் இறங்கிவிடும் என்றாலும், அதன் இனிப்பும் பச்சை வாசனையும் கடுகில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வேறுபாட்டுக்காகத்தான் செய்கிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முருங்கை வேரும் இதே காரம்தான், வெள்ளைக்காரர்கள் ஹார்ஸ்ராடிஷுக்குப் பதிலாக அதைத் துருவிச் சாப்பிட்டார்கள் என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான் என்றாலும், வேர்ப்பட்டையில் நச்சுத்தன்மையுள்ள ஆல்கலாய்டுகள் இருப்பதால் வீட்டில் முயலவே வேண்டாம்.

சத்துவாச்சாரி மாடித்தோட்டம்:

மூவருக்கும் மிக்க நன்றி. கடுகுப்பொடியைக் குழைத்து இன்றே பார்த்துவிட்டோம். தங்கை சொன்னது சரி, மகள் தொலைபேசியில் கேட்டுச் சிரித்தாள், ஆனால் அவளுக்குச் செடிதான் வேண்டுமாம். மாடியை விட்டுவிட்டு, பழைய ஃபிரிட்ஜ் வழியில் இரண்டு கன்றுகளோடு தொடங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். காட்பாடி நண்பரிடம் இன்னும் இரண்டு ஐயங்கள். எங்கள் தெருவில் கோடையில் மூன்று நான்கு மணி நேரம் மின்சாரம் போவதுண்டு. ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாது. அப்போது என்ன செய்வது? விளக்கு எத்தனை வாட் போட வேண்டும்?

காட்பாடி குளிர்ப்பெட்டி:

ஐயா, இன்வெர்ட்டரில் ஏர் பம்ப்பை மட்டும் இணைத்துவிடுங்கள். அது நான்கைந்து வாட்தான் எடுக்கும், ஆக்சிஜன் நிற்காமல் இருப்பதே அந்த நேரத்துக்கு முக்கியம். தொட்டியைச் சுற்றி இரண்டு அங்குலத் தெர்மோகோல் ஒட்டி, வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் எப்போதும் நான்கு தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து வைத்திருங்கள். மின்சாரம் போனதும் ஒரு பாட்டிலை வேரில் படாதபடி தொட்டியின் மூலையில் இறக்கினால், கதவைத் திறக்காத வரை தண்ணீர் 18-ஐத் தொடாது. இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த பாட்டிலை மாற்றுங்கள்.

வசாபி நிழல் செடி என்பதால் வெளிச்சம் அதிகம் வேண்டாம். 20 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்றை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் போட்டால் போதும். அதற்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டியை மட்டும் ஃபிரிட்ஜுக்கு வெளியே எடுத்துவிடுங்கள், சூடும் குறையும், ஈரமும் அதில் ஏறாது. உள்ளே ஒரு சிறிய கம்ப்யூட்டர் ஃபேனைச் சுழலவிட்டால் இலையில் பூஞ்சை பிடிக்காது.

கன்றைக் கார்த்திகையில் வைத்தால், வெளிச்சூடு குறைவாக இருக்கும் மூன்று மாதத்தில் அது வேர் பிடித்துத் தேறிவிடும். கிழங்குக்காக இரண்டு ஆண்டு கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. இலையும் காம்பும் அதே காரத்தோடு இருக்கும்; ஜப்பானில் அவற்றையும் ஊறுகாய் போடுகிறார்கள். செடி நன்றாகப் பிடித்த பிறகு, வெளிவரிசையில் முற்றிய இலைகளை ஒன்றிரண்டாகக் கிள்ளலாம், நடுக்குருத்தை மட்டும் தொடாதீர்கள். ஃபிரிட்ஜ் வாங்கப் போகும்போது கம்ப்ரஸரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பின்பக்கக் குழாய் சீராகச் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்குங்கள். கதவின் ரப்பரில் ஒரு தாளைச் செருகி இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும்.