பிஜிபி ‘எஸ்டாப்ளிஷ்ட்’ என்கிறது, ரூட் மட்டும் வரவில்லை

யார்டு_ஐடி (மணலி):

வணக்கம். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஐடி வேலை. ஐடி பிரிவு என்றால் நான் ஒருவன்தான். பிரிண்டருக்கு டோனர் மாற்றுவதும் நானே, குபர்நெட்டிஸ் கிளஸ்டரை (ஆப்களைக் ‘கன்டெய்னர்’ என்ற மென்பொருள் பொட்டலங்களாகப் பல கணினிகளில் ஓட்டும் அமைப்பு) மேய்ப்பதும் நானே. போனில் “கன்டெய்னர் விழுந்துடுச்சு” என்று ஒருமுறை சொல்லி, மானேஜர் செருப்புகூடப் போடாமல் கிரேன் பக்கம் ஓடினார். அன்றிலிருந்து அலுவலகத்தில் ‘பாட்’ (அந்த மென்பொருள் கன்டெய்னர் ஓடும் அலகு) என்ற சொல்லை மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

வண்டி உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பதியும் ஆப் இந்தக் கிளஸ்டரில் ஓடுகிறது. நோடுகள் மூன்று பழைய டெஸ்க்டாப்கள்: 192.168.10.21, 22, 23. கே3எஸ் (சின்ன குபர்நெட்டிஸ்) போட்டு, அதோடு வரும் சர்வீஸ்எல்பியை நிறுத்திவிட்டு, மெட்டல்எல்பி (ஆப்பின் வாசலான ‘சர்வீஸு’க்கு ஐபி கொடுத்து வெளியே அறிவிக்கும் மென்பொருள்) வைத்திருக்கிறேன். ரவுட்டர் டெபியன் போட்ட இன்னொரு பெட்டி, 192.168.10.1. அதில் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள். கேட்டில் இருக்கும் ஹேண்ட்ஹெல்ட், வேபிரிட்ஜ் (எடைமேடை) பிசி, ஆபீஸ் பிசி எல்லாமே அதே 192.168.10-இல்தான்.

ஆறு மாதமாக மெட்டல்எல்பி லேயர் 2 மோடில் (‘இந்த ஐபி என்னுடையது’ என்று ஒரு நோடு லேனில் பதில் சொல்லும் முறை) ஓடியது. அதில் ஒரு சர்வீஸ் ஐபிக்கு வரும் டிராஃபிக் முழுவதும் ஒரே நோடு வழியாகத்தான் நுழையும். போன மாதம் அந்த நோடின் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) செத்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே துரு. இங்கே அடிக்கிற உப்புக்காற்றுக்கு எதுவும் தாங்காது. மெட்டல்எல்பி சில வினாடிகளில் ஐபியை அடுத்த நோடுக்கு மாற்றிவிட்டது, ஹேண்ட்ஹெல்ட்களும் திரும்பிவிட்டன. வேபிரிட்ஜ் பிசி மட்டும் செத்த நோடின் மேக் முகவரியையே (நெட்வொர்க் கார்டின் முகவரி) பிடித்துக்கொண்டு நின்றது. நம்ம ஊர்க் கதவில் பழைய நம்பர், புது நம்பர் இரண்டும் எழுதியிருப்பார்களே, பழைய நம்பரை வைத்துக்கொண்டு தெருவையே சுற்றும் கூரியர் பையன் மாதிரி. நான் போய் ரீபூட் செய்யும்வரை இருபது நிமிடம். அதற்குள் டிரெய்லர் வரிசை மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது. டிரைவர்கள் என்னிடம் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது.

சரி, பிஜிபிக்கே (எந்த ஐபிக்கு எந்த வழி என்று ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை) போய்விடலாம் என்று முடிவு செய்தேன். ரவுட்டருக்கு ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) 64512, கிளஸ்டருக்கு 64513. பிஜிபிபியர் (யாரோடு பேசுவது), பிஜிபிஅட்வர்டைஸ்மென்ட் (எதை அறிவிப்பது) இரண்டும் போட்டாயிற்று, பழைய எல்2அட்வர்டைஸ்மென்டை அழித்தாயிற்று. சர்வீஸ்களுக்கான ஐபி பூல் முன்பு இருந்ததுதான்: 192.168.10.240 முதல் 250 வரை. சர்வீஸை டிஸ்கிரைப் செய்தால் மூன்று நோடும் பிஜிபியில் அறிவிப்பதாக ஈவென்ட் தெரிகிறது. ரவுட்டரிலும் மூன்று செஷனும் இரண்டு மணி நேரமாக எஸ்டாப்ளிஷ்ட். ஆனால் ரூட்டிங் டேபிளில் ஒரு ரூட்கூட இல்லை. பிஜிபியின் 179 போர்ட் திறந்திருக்கிறது, டிசிபிடம்ப்பில் (பாக்கெட்களைப் பார்க்கும் கருவி) அப்டேட் வருவது கண்ணுக்குத் தெரிகிறது. மெட்டல்எல்பியை அழித்துத் திரும்பப் போட்டேன், அப்போதும் அதே கதை. ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. எதை விட்டேன்?

கொருக்குப்பேட்டை_கேட்:

தம்பி, எஃப்ஆர்ஆரில் ‘ஷோ பிஜிபி சம்மரி’ அடித்து, ஸ்டேட்/பிஎஃப்எக்ஸ்ஆர்சிடி என்ற நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். எண்ணா, எழுத்தா?

யார்டு_ஐடி:

அடைப்புக்குறிக்குள் ‘பாலிசி’ என்று இருக்கிறது அண்ணா. மூன்று வரியிலும். ஏதோ மோடின் பெயர் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கொருக்குப்பேட்டை_கேட்:

அதேதான். அந்த இடத்தில் வாங்கிய ரூட்களின் எண்ணிக்கை இருக்க வேண்டும். செஷன் நிற்பது என்றால் இரண்டு பேரும் போனை எடுத்து ஹலோ சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சொன்னதைக் காதில் வாங்கினார்களா என்பது வேறு விஷயம். உங்கள் ரவுட்டர் வாங்கவில்லை.

வேறு ஏஎஸ் எண் உள்ள பியரோடு பேசும்போது, இன்னது வரலாம், இன்னது போகலாம் என்று நாம் எழுதி வைக்காவிட்டால் எஃப்ஆர்ஆர் எதையும் ஏற்காது, எதையும் அனுப்பாது. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212 (இணைய விதிமுறை ஆவணம்) சொல்வது இதைத்தான். காரணம் இருக்கிறது. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தானுக்குள் யூட்யூபைத் தடுக்கப் போட்ட ஒரு /24 (256 முகவரி) ரூட் வெளியே கசிந்து, உலகம் முழுக்க யூட்யூபுக்குப் போக வேண்டிய டிராஃபிக் அங்கே போய் விழுந்தது. வடிகட்டி இல்லாத பிஜிபி என்றால் அப்படித்தான் ஆகும்.

கூகிளில் தேடினால் ‘நோ பிஜிபி இபிஜிபி-ரெக்வயர்ஸ்-பாலிசி’ என்று ஒரே வரியில் பூட்டைக் கழற்றச் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் செய்யாதீர்கள். ஒரு பிரிஃபிக்ஸ்-லிஸ்ட் எழுதுங்கள்: உங்கள் பூலுக்குள் இருக்கும் /32-கள் (ஒற்றை ஐபிகள்) மட்டும் வரலாம். அதை ஒரு ரூட்-மேப்பில் கோத்து மூன்று நெய்பருக்கும் ‘இன்’ பக்கம் மாட்டுங்கள். ‘அவுட்’ பக்கம் எல்லாவற்றுக்கும் டினை (மறுப்பு) போடுங்கள். நோடுகளுக்கு டீஃபால்ட் கேட்வே இருக்கிறது, ரவுட்டரிடமிருந்து ரூட் எதுவும் தேவையில்லை. நாளை யாராவது மானிஃபெஸ்டில் (குபர்நெட்டிஸ் அமைப்புக் கோப்பு) தப்பான ரேஞ்சைப் போட்டாலும் வாசலிலேயே நின்றுவிடும்.

வியாசர்பாடி_பாக்கெட்:

அண்ணா சொன்னது சரி. ஆனால் அதைச் செய்த பிறகும் ஹேண்ட்ஹெல்டில் ஆப் திறக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். பூலைப் பாருங்கள். 192.168.10.240 உங்கள் லேனுக்குள்ளேயே இருக்கிற முகவரி. ஹேண்ட்ஹெல்ட் அதைப் பார்த்ததும் பக்கத்து வீடுதானே என்று ரவுட்டரிடம் போகாமல் தெருவிலேயே நின்று ஏஆர்பியில் (‘இந்த ஐபி யாருடையது’ என்று லேனில் கேட்கும் முறை) கூப்பிடும். லேயர் 2 மோடில் மெட்டல்எல்பி பதில் சொல்லியது. பிஜிபி மோடில் அந்த வேலையை அது செய்யாது, யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். ரவுட்டரில் ரூட் அழகாக உட்கார்ந்திருக்கும், ஒரு பாக்கெட்டும் அங்கே வராது.

பூலை எங்கும் இல்லாத ஒரு ரேஞ்சுக்கு மாற்றுங்கள், 10.77.0.0/27 மாதிரி. கே3எஸ் பாட்களுக்கு 10.42, சர்வீஸ்களுக்கு 10.43 எடுத்துக்கொள்ளும், அந்த இரண்டையும் தொடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கிளையன்டும் நோடும் ஒரே சப்நெட்டில் இருந்தால், ரவுட்டர் பாக்கெட்டை வந்த வழியே திருப்பி அனுப்பும்போது, “எதுக்குப்பா என்கிட்ட வர்ற, நேரா 21-கிட்டப் போ” என்று ஐசிஎம்பி ரீடைரக்ட் கொடுத்துவிடும். அதை மனதில் வைத்துக்கொள்ளும் கிளையன்ட் அப்புறம் அந்த ஒரு நோடிடமே போகும், அது செத்த பிறகும். வேபிரிட்ஜ் கதை திரும்ப வரும். ரீடைரக்டை அணைக்கலாம், அப்போது ‘ஆல்’, இன்டர்ஃபேஸ் இரண்டு இடத்திலும் அணைக்க வேண்டும், ஒன்றில் மட்டும் அணைத்தால் நிற்காது. அதைவிட கிளையன்ட்களை வேறு விலானுக்கு (தனி லேனுக்கு) தள்ளுவது நல்லது. நோடு ஐபியை மாற்றப் போகாதீர்கள், கிளஸ்டரோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். கிளையன்ட் பக்கம் டிஹெச்சிபிதானே (ஐபி தானாகக் கிடைப்பது), சுலபம்.

யார்டு_ஐடி:

அக்கா, அப்படியே நடந்தது. ரூட்-மேப் மாட்டியதும் ‘பாலிசி’ போய் 1 என்று வந்தது. ஆப் திறக்கவில்லை. பூலை 10.77-க்கு மாற்றி, பிரிஃபிக்ஸ்-லிஸ்டையும் மாற்றினேன். கிளையன்ட்களை 192.168.30-க்கு அனுப்பினேன். திறந்துவிட்டது! ரவுட்டரில் ‘ஐபி ரூட்’ அடித்தால் 10.77.0.1-க்குக் கீழே 21, 22, 23 என்று மூன்று நெக்ஸ்ட்ஹாப் (அடுத்த நிறுத்தம்) வரிசையாக நிற்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் என் லேப்டாப்பிலிருந்து 200 தடவை கர்ல் அடித்து (ஆப்புக்குக் கோரிக்கை அனுப்பி) பார்த்தால் இருநூறும் 22-க்கே போகிறது. பங்கு பிரிக்கிற லட்சணம் இதுதானா?

கொருக்குப்பேட்டை_கேட்:

பிரிக்கிறது, உங்கள் சோதனைதான் தப்பு. லினக்ஸ் கர்னலில் ஃபிப்_மல்டிபாத்_ஹாஷ்_பாலிசி என்று ஒரு சிஸ்கன்ட்ரோல் மதிப்பு உண்டு. இயல்பாக 0. அப்போது அனுப்புபவர் ஐபி, பெறுபவர் ஐபி இரண்டை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கும். லேப்டாப் ஒன்று, சர்வீஸ் ஒன்று, ஆகவே வழியும் ஒன்று. ஹேண்ட்ஹெல்ட்கள் ஆளுக்கொரு ஐபியில் இருப்பதால் தானாகப் பிரிந்துவிடும். 1 என்று மாற்றினால் போர்ட்களையும் சேர்த்துப் பார்க்கும், ஒவ்வொரு கனெக்ஷனும் தனியாகப் பிரியும். மாற்றிவிடுங்கள்.

அதைவிட முக்கியமாக, ஒரு நோடின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். மானேஜர் இல்லாத நேரத்தில்.

யார்டு_ஐடி:

ஞாயிறு ராத்திரி வண்டி குறைவு. 23-ஐப் பிடுங்கினேன். கையில் கடிகாரம். ஹேண்ட்ஹெல்ட்களில் சிலது அப்படியே தொங்கின, எழுபது வினாடி சொச்சம். பிறகு சரியாயிற்று. லேயர் 2 இதைவிடச் சீக்கிரம் மாறியதே அண்ணா!

வியாசர்பாடி_பாக்கெட்:

ஹோல்ட் டைம் (கடைசியாகக் கீப்அலைவ் என்ற ‘இருக்கிறேன்’ செய்தி வந்ததிலிருந்து காத்திருக்கும் நேரம்) 90 வினாடி, அதுதான். நடுவில் சுவிட்ச் இருப்பதால் நோடு செத்ததும் ரவுட்டருக்கு லிங்க் விழாது. கீப்அலைவ் வரவில்லையே என்று காத்திருந்து, காத்திருந்து, கடைசியில்தான் ரூட்டை எடுக்கும். பிஎஃப்டி (எதிரில் ஆள் இருக்கிறாரா என்று அடிக்கடி தட்டிப் பார்க்கும் முறை) போடுங்கள். 300 மில்லிவினாடிக்கு ஒரு தட்டு, மூன்று தட்டுக்குப் பதில் இல்லையென்றால் ஆள் இல்லை என்று முடிவு, மொத்தம் ஒரு வினாடிக்குள். மெட்டல்எல்பியின் பழைய நேட்டிவ் மோடில் பிஎஃப்டி கிடையாது, எஃப்ஆர்ஆர் மோடுக்கு மாற்ற வேண்டும். பிஎஃப்டிபுரொஃபைல் ஒன்று எழுதி பிஜிபிபியரில் அதன் பெயரைக் கொடுங்கள். ரவுட்டர் பக்கமும் நெய்பருக்கு பிஎஃப்டி போட்டு, யூடிபி 3784-ஐத் திறந்துவிடுங்கள்.

நோடு விழும்போது மீதமுள்ள நோடுகளில் இருக்கும் கனெக்ஷன்களும் சிலது அறுந்து போகும், எந்த நோடு என்று தேர்ந்தெடுக்கும் ஹாஷ் மறுபடி கணக்குப் போடுவதால். ஆப் தானாகத் திரும்ப முயற்சி செய்தால் கவலையில்லை.

யார்டு_ஐடி:

போட்டேன். எஃப்ஆர்ஆர் சர்வீஸில் பிஎஃப்டி டீமனைத் தொடங்க மறந்து அரை மணி நேரம் வீண், அது என் தப்பு. பிறகு 23-ஐ மறுபடி பிடுங்கினேன். ஹேண்ட்ஹெல்டில் மஞ்சள் பட்டை ஒருமுறை மின்னி மறைந்தது. கேட்டில் இருந்த பையன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

வேபிரிட்ஜ் பிசி மட்டும் டிஹெச்சிபி இல்லாதது, கையால் 192.168.30-க்கு மாற்றினேன். மானிட்டர் ஓரத்தில் பழைய ஐபி எழுதிய தாளை ஆபரேட்டர் அண்ணன் கிழிக்க விடவில்லை. அதற்குக் கீழே பேனாவால் ‘புது நம்பர்’ என்று எழுதிக்கொண்டார்.