மாஸ்டர் பாத்ரூமைப் பிரித்துக் கட்டியவர்கள் சொல்லுங்கள்: எவ்வளவு ஆனது, பணம் எங்கே போனது?

ஆதம்பாக்கம், தொண்ணூறுகளில் கட்டிய ஃபிளாட்

நான் முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் தொடருங்கள். எட்டுக்கு ஐந்தடி பாத்ரூம், இரண்டாவது மாடி. மொத்தம் 2,10,000 ரூபாய் ஆனது. இதில் 90,000 ரூபாய்க்கான வேலை இப்போது கண்ணுக்கே தெரியாது. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் சுவரில் தொங்கும் கமோடைத்தான் மெச்சுகிறார்கள்.

கீழ் வீட்டு சீலிங்கில் ஓதம் இறங்கி உப்புப் பூத்துவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் சண்டை போடவில்லை. கீழே அழைத்துக் காட்டி, "நீங்களே பாருங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். அசோசியேஷனில் தெரிந்த ஒருவர் டைல் இடுக்கில் எபாக்ஸி பசை விட்டால் நின்றுவிடும் என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் டைல் இடுக்கில் இறங்குகிறதா, பைப்பில் கசிகிறதா, நானி டிராப்பின் (தரைத் தண்ணீர் வடியும் துளைக்கு அடியில் வைக்கும் கிண்ணம்) ஓரத்திலா என்று தெரியாமல் மேலே பூசுவதில் அர்த்தம் இல்லை.

இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் "எல்லாம் சேர்த்து" ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் இனம் இனமாகப் பிரித்து இரண்டு லட்சத்து ஐயாயிரம் கேட்டார். முதலாமவரிடம் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: பழைய டைலை உடைக்கப் போவதில்லை, அதன் மேலேயே புது டைல் ஒட்டிவிடுவார். தளம் உயரும், வாசல்படி தாழும், கதவின் அடியை அறுக்க வேண்டும். இதெல்லாம் போகட்டும். கசிவு எங்கிருந்து வருகிறதோ அது அப்படியே உள்ளே இருக்குமே? வித்தியாசமான 45,000 ரூபாய் அங்கேதான் ஒளிந்திருந்தது. ஒற்றை வரி கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது வீண்.

இரண்டாமவருக்கே வேலையைக் கொடுத்தோம். தரையைப் பிரித்தால், பாத்ரூம் தளம் மட்டும் ஒன்றேகால் அடி பள்ளமாக வார்க்கப்பட்டிருக்கிறது. சன்கன் என்பார்கள், கழிவு பைப் ஓடுவதற்காக விடும் பள்ளம். அதில் செங்கல் துண்டும் கட்டிட இடிபாடும் போட்டு நிரப்பியிருந்தார்கள். அத்தனையும் ஈரம். வருஷக்கணக்கில் ஊறிய தண்ணீர் வெளியேற வழியே விடவில்லை. சுவருக்குள் இருந்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், கையில் எடுத்தபோது துரு உதிர்ந்தது. எபாக்ஸி எந்த மூலைக்குக் காணும்?

செலவு போன விதம் இது. உடைத்து, மூட்டை கட்டி, கீழே இறக்கி, வண்டியில் அனுப்ப 22,000. இடிபாட்டை ராத்திரியோடு ராத்திரியாகத் தெருமுனையில் கொட்டுகிறேன் என்று சொல்பவரை அப்படிச் செய்ய விடாதீர்கள், மாநகராட்சி அபராதம் போடும். பிளம்பிங் பொருளும் கூலியும் 38,000. பள்ளத்தை எடை குறைந்த பொருளால் நிரப்பி வாட்டர்ப்ரூஃபிங் செய்ய 30,000. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நான் சொன்ன தொண்ணூறு.

மேலே தெரிகிற வேலையில் டைலும் ஒட்டும் கூலியுமாக 32,000. கமோட், வாஷ்பேசின், டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு), ஷவர், குழாய்கள் எல்லாம் 53,000. கீசர், வயரிங், எக்ஸாஸ்ட் 20,000. கதவும் சீலிங்கும் 15,000. கண்ணாடித் தடுப்பு வேண்டும் என்று வீட்டில் ஆசை. தள்ளி வைத்துவிட்டோம். அதைத் தீபாவளி போனஸில்கூடப் போட்டுக்கொள்ளலாம். ஷவர், குழாய், கண்ணாடி எல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். டைலுக்குப் பின்னால் போவதை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி உடைக்க வேண்டும். கை கடிக்கும்போது எதைக் குறைப்பது என்று இதை வைத்துத்தான் முடிவு செய்தோம்.

டைல் கணக்கைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். நான்கு சுவரின் சுற்றளவு 26 அடி, ஏழடி உயரத்துக்கு 182 சதுர அடி. கதவுக்கு 17 கழித்தால் 165. தரை 40. ஆக 205, வெட்டில் வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 225. பெட்டியில் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் அச்சிட்டிருக்கும், எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிற சரக்குதான் என்றாலும் சூளைக்குச் சூளை நிறம் ஒரு இழை மாறும். குறைந்துவிட்டது என்று பிறகு இரண்டு பெட்டி வாங்கினால் சுவரில் அது தனியாகத் தெரியும்.

கோயம்புத்தூர், தனி வீடு

சார், நீங்கள் கசிவுக்காக உடைத்தீர்கள், நாங்கள் மாமியாருக்காக உடைத்தோம். அத்தைக்கு இரண்டு முழங்காலும் முடியாது. பாத்ரூம் வாசலில் நாலு அங்குலப் படி. உள்ளே தண்ணீர் நிற்பதற்கென்றே அந்தக் காலத்தில் கட்டியது. ராத்திரியில் அதைத் தாண்டுவதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

படியை எடுத்துவிட்டால் தண்ணீர் அறைக்குள் வருமே என்று மேஸ்திரி தயங்கினார். குளிக்கும் இடத்தை ஒரு ஓரமாக ஒதுக்கி, அங்கே மட்டும் அரை அங்குலம் இறக்கி, வாட்டத்தைச் சுவர்ப் பக்கம் கொடுத்தார். தரை டைல் ஒட்டும் நாளில் நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அவருக்கு எரிச்சல்தான். "ரசமட்டம் வச்சிருக்கேன் கண்ணு" என்றார். நான் விடவில்லை. கமோடுக்குப் பின்னால் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியது, அப்போதே இரண்டு டைலைப் பெயர்த்துச் சரி செய்தார். ஒட்டிக் காய்ந்த பிறகு என்றால் யாரும் செய்து தர மாட்டார்கள்.

கைப்பிடிக் கம்பி விஷயத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். டைல் ஒட்டியபின் துளை போட்டால் கீறல் விழலாம், அதைவிட முக்கியம் உள்ளே பிடிப்பு இருக்க வேண்டும். எங்கள் சுவர் நாலரை அங்குலம். கம்பி வரும் இடத்தில் மட்டும் கான்கிரீட் போட்டு வைத்தோம். கமோடின் இருக்கை தரையிலிருந்து 18 அங்குலம் வரும்படி பார்த்தோம். கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் கதவை அவர் மேல் தள்ளித் திறக்க முடியாது அல்லவா? தரைக்கு மேட் டைல். பளபளப்பு டைல் ஷோரூம் வெளிச்சத்தில் அழகுதான், சோப்புத் தண்ணீர் பட்டால் அதில் என்னாலேயே நிற்க முடியாது.

என் பெண் கறுப்பு நிறக் குழாய்கள்தான் வேண்டும் என்றாள், வாங்கினோம். குடிக்கச் சிறுவாணி, குளிக்க போர் தண்ணீர். அந்த உப்பு கறுப்பின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. தினமும் துடைப்பவள் நான். குரோம் என்றால் இவ்வளவு தெரியாது.

மதுரை, பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுப்பவன்

இரண்டு பேர் சொன்னதும் சரி. வேலை செய்கிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

சுவரில் காடி வெட்டுவதற்கு முன்னால் கமோட், டைவர்ட்டர், சிஸ்டர்ன் (ஃப்ளஷ் தொட்டி), கீசர் எல்லாம் எந்த மாடல் என்று முடிவாகியிருக்க வேண்டும், முடிந்தால் வீட்டுக்கே வந்திருக்க வேண்டும். "நீங்க பைப்பப் போடுங்க, நாங்க பொறுமையா பாத்து வாங்குறோம்" என்பார்கள். டைவர்ட்டரின் உள்பாகம் ஒரு கம்பெனி, வெளியே தெரியும் மூடி வேறு கம்பெனி என்றால் சேராது. கமோடில் எஸ் டிராப் என்றால் கழிவு தரைக்குள் இறங்கும், பி டிராப் என்றால் சுவருக்குள் போகும். எஸ் டிராப்பிலேயே சுவரிலிருந்து துளை ஒன்பது அங்குலமா பன்னிரண்டா என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒன்பது அங்குலத்தில் பைப் போட்டபின் பன்னிரண்டு அங்குலக் கமோடை வாங்கி வந்தால் என்னை முறைத்துப் பயனில்லை.

பி.வி.சி. வகை பிளாஸ்டிக் பைப்புகளில் வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி. மட்டும்தான். யு.பி.வி.சி. குளிர்ந்த தண்ணீருக்கு. விலை குறைவு என்று கீசர் லைனில் அதைப் போடச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒட்டும் சிமெண்டும் இரண்டுக்கும் வேறு வேறு. பைப் போட்டதும் பூசுவதற்கு முன்னால் பிரஷர் பம்ப் வைத்து டெஸ்ட் பார்க்கச் சொல்லுங்கள், முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் டிராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். மாடி வீடு என்றால் கீழ் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, அவர் சீலிங்கையும் பார்க்க வேண்டும். இதை அவசரத்தில் 12 மணி நேரமாகச் சுருக்குவார்கள். சுருக்க விடாதீர்கள்.

பூசுவதற்கு முன்னால், அளவு டேப்பை விரித்துப் பிடித்து எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது பைப் எங்கே போகிறது என்று தெரியும்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். நானே கான்ட்ராக்டர், நானே சொல்கிறேன். உடைத்து முடித்ததும் கொஞ்சம், டெஸ்ட் பாஸானதும் கொஞ்சம், டைல் முடிந்ததும் கொஞ்சம் என்று பிரித்தால் இரண்டு தரப்புக்கும் நிம்மதி. கொட்டேஷனில் 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறதா, மேலே வருமா என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சிங்கப்பூர், எச்.டி.பி. வீடு

இங்கே கதையே வேறு. எச்.டி.பி. என்பது இங்குள்ள அரசு வீட்டு வசதி வாரியம். புது வீடு வாங்கினால் முதல் மூன்று வருஷம் பாத்ரூமின் தரை, சுவர் டைலை உடைக்கவே கூடாது. கட்டும்போது போட்ட வாட்டர்ப்ரூஃபிங் கெட்டுவிடும் என்பதால். எங்களுடையது பழைய வீடு, அதனால் அந்தத் தடை இல்லை. ஆனாலும் எச்.டி.பி.யில் பதிவு செய்த கான்ட்ராக்டர்தான் வேலை செய்யலாம், பெர்மிட் வேண்டும். உடைக்கிற சத்தம் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு கிடையாது.

ஊரில் அப்பா வீட்டு பாத்ரூமையும் போன வருஷம்தான் மாற்றினோம். ஒப்பிட்டால், இங்கே கூலிதான் பட்ஜெட்டை விழுங்குகிறது, பொருள் விலை இரண்டாம்பட்சம். அதனால் அங்கே போல "இதையும் சேர்த்துச் செஞ்சுடுங்கண்ணே" என்று நடுவில் வேலையைக் கூட்ட முடியாது. கூட்டினால் மறுநாளே திருத்திய பில் வந்துவிடும்.

ஆதம்பாக்கம்

தனியாகக் கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கேயே சொல்கிறேன். சுவரில் தொங்கும் கமோடுக்கு உள்ளே இருக்கும் சிஸ்டர்ன் கெட்டால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஃப்ளஷ் பட்டன் தட்டைக் கழற்றினால் வால்வை எடுக்கலாம். உதிரி பாகம் உங்கள் ஊரில் கிடைக்கிற கம்பெனியாகப் பாருங்கள்.

எமர்ஜென்சிக்கு என்று இருபதாயிரம் தனியாக வைத்திருந்தோம், கொட்டேஷனுக்கு மேலே கூடிய ஐயாயிரம் அதிலிருந்துதான் போனது. கீசருக்குப் பழைய வயர் மெலிசு, போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர் புதிதாக இழுக்க வேண்டியிருந்தது. முப்பது மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) ஏற்கெனவே மெயின் போர்டில் இருந்ததால் அந்தச் செலவு இல்லை. உங்கள் வீட்டில் இல்லையென்றால் ஷவரின் விலையில் குறைத்தாவது அதைப் போட்டுவிடுங்கள்.

மேடம், கண்ணாடித் தடுப்பைப் பற்றி நீங்கள் சொன்னால் உபயோகமாக இருக்கும். உங்கள் போர் தண்ணீருக்கு அது தாங்குகிறதா?

கோயம்புத்தூர்

போடவில்லை சார். அத்தை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறார், பக்கத்தில் ஒருவர் நிற்க இடம் வேண்டும். ஒரு நைலான் திரை மாட்டியிருக்கிறோம், 600 ரூபாய். அழுக்கானால் வாஷிங் மெஷினில் போட்டு எடுத்துவிடுவேன்.