கடையநல்லூரில் இரண்டு நிமிடம்

குழு: ஆச்சி வீட்டுச் சொந்தங்கள்

திங்கள்

நான், இரவு 9:10
அனைவருக்கும் வணக்கம். வியாழன் இரவு எழும்பூரில் பொதிகை ஏறி வெள்ளி காலை தென்காசியில் இறங்குகிறோம். ஞாயிறு மாலை அதே வண்டியில் திரும்புவதற்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை குற்றாலத்தில் பேரருவி, சனிக்கிழமை ஐந்தருவியும் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டமும், ஞாயிறு காலை தென்காசிக் கோயில் என்று உங்கள் மாப்பிள்ளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்.

தென்காசி அத்தை, இரவு 9:14
தாளில் அருவிகளின் பெயர் மட்டும்தான் இருக்கிறதா, எந்த வேளை எந்த வீட்டில் சாப்பாடு என்று இல்லையா? வெள்ளி காலை இட்லி என் வீட்டில்தான். ஸ்டேஷனுக்கு உன் மாமா வந்துவிடுவார், ஆட்டோ பிடிக்க வேண்டாம்.

இலஞ்சிப் பெரியப்பா, இரவு 9:31
நான்கு நாளாகச் சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருப்பதால் மேற்கே மலையே தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் கூடுதலாக இரண்டு துண்டு எடுத்து வா. இங்கே இப்போது துவைத்தது எதுவும் காய்வதில்லை. ஆச்சி ஒரு நாளைக்கு நான்கு முறை நீ வரும் கிழமையைக் கேட்கிறாள்.

கோவை அண்ணன், இரவு 9:40
நேரம் கிடைத்தால் செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ரயிலில் ஒருமுறை போய் வாருங்கள். 1904இல் போட்ட மலைப்பாதை அது. 2018இல் அகலப் பாதையாகத் திறந்த பிறகு நான் போனேன். பதிமூன்று கண் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தபோது பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

தென்காசி அத்தை, இரவு 9:42
இருப்பதே இரண்டரை நாள், அதில் கேரளாவுக்கு வேறு அனுப்புகிறாயா?

வெள்ளி

நான், பகல் 12:20
பேரருவியில் குளிக்க முடியவில்லை. இரவு மலையில் பெய்த மழையால் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுவதாகக் காவலர்கள் கயிறு கட்டித் தடுத்துவிட்டார்கள். சின்னவன் உடையை மாற்றி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே தெறித்த நீரில் முழுக்க நனைந்துவிட்டான். போதாக்குறைக்குக் கையில் இருந்த மங்குஸ்தான் பொட்டலத்தை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு போய்விட்டது.

இலஞ்சிப் பெரியப்பா, பகல் 12:26
தடை போட்டால் வாதாடாமல் திரும்பிவிட வேண்டும். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை திடீரென்று இறங்கிவிடும். நேரே வீட்டுக்கு வாருங்கள். உன் ஆச்சி காலையிலிருந்து தேங்காய் துருவ விட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான், மாலை 4:05
அண்ணா, ஆச்சி தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைத்தாள், அதாவது நாற்காலியில் உட்கார்ந்தபடி பெரியம்மாவை வைக்கச் சொன்னாள். மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, இரண்டாம் பாலோடு வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, கெட்டியான முதல் பாலை ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டுமாம். அது கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சையைச் சட்டி ஆறிய பிறகுதான் பிழிந்தாள். கண் சரியாகத் தெரியாத ஆச்சி, வாசனையை வைத்தே "இப்போது இறக்கு" என்றாள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன.

கோவை அண்ணன், மாலை 4:11
கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாட்டில் வைக்கும் சொதியை உனக்குச் சும்மா ஒரு வெள்ளிக்கிழமையில் வைத்திருக்கிறாள் என்றால், அருவியில் தடை போட்டதை நினைத்து நீ வருந்த வேண்டியதில்லை.

சனி

நான், மாலை 6:30
இன்று ஐந்தருவியில் நன்றாகக் குளித்தோம். பெண்கள் பக்கம் வரிசை நீளமாக இருந்தாலும் வேகமாக நகர்ந்தது. தண்ணீர் முதுகில் விழுந்த முதல் நிமிடம் மூச்சே நின்றுவிட்டது, வெளியே வந்ததும் பசி வயிற்றைக் கிள்ளியது. சுந்தரபாண்டியபுரத்தில் பூக்கள் பாதிதான் விரிந்திருந்தன. தோட்டக்காரர் வரப்பிலேயே நின்று, செடிகளுக்குள் இறங்காமல் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், நாங்களும் அப்படியே செய்தோம். படங்களை அனுப்பியிருக்கிறேன்.

கடையநல்லூர்ச் சித்தி, மாலை 6:52
படங்கள் அழகாக இருக்கின்றன. திங்கட்கிழமையிலிருந்து இந்தக் குழுவில் வருகிற அனைத்தையும் நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இலஞ்சி, குற்றாலம், தென்காசி, சுந்தரபாண்டியபுரம் என்று எல்லா ஊரும் அந்தத் தாளில் இருக்கின்றன; தென்காசியிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய கடையநல்லூர் மட்டும் அதில் இல்லை.

கோவை அண்ணன், மாலை 6:53
நான் அப்போதே நினைத்தேன்.

நான், மாலை 7:20
சித்தி, மன்னித்துக்கொள்ளுங்கள். இது மறதி இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு பகல் முழுவதும் இருக்க வேண்டும், அரை மணி நேரத்தில் எழுந்து கிளம்பினால் உங்களுக்கு இன்னும் வருத்தமாக இருக்கும் என்று நானாக எண்ணிக்கொண்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தவறுதான்.

தென்காசி அத்தை, மாலை 7:24
தவறு எங்கள் மேலும் இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டோம். நாளை மதியத்தை நான் விட்டுத்தருகிறேன், காரில் போய்விட்டு வரட்டும்.

கடையநல்லூர்ச் சித்தி, மாலை 7:31
வேண்டாம் மதினி. கோயிலுக்கும் போய், இங்கேயும் வந்து, மறுபடி தென்காசிக்கு ஓடினால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். பொதிகை எங்கள் ஊரில் நிற்கும் அல்லவா? எந்தப் பெட்டி என்று மட்டும் சொல்லட்டும்.

ஞாயிறு

இலஞ்சிப் பெரியப்பா, காலை 10:40
கோயிலுக்குப் போய் வந்தோம். கோபுர வாசலில் நுழையும்போது காற்று எதிரே தள்ளியதும், அதைக் கடந்த பிறகு முதுகுப் பக்கம் வந்து உள்ளே தள்ளியதும் கண்டு பேரனும் பேத்தியும் ஐந்து முறை வெளியே ஓடி மறுபடி உள்ளே வந்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது இது எரிந்து பிளந்துபோன மொட்டைக் கோபுரம்; 1990இல் புதுக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்று அவர்களிடம் சொன்னேன். இதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இந்தக் கோயில் பழுதுபட்டால் அதைச் சரிசெய்கிறவர்களின் காலில் விழுகிறேன் என்று கல்வெட்டில் எழுதி வைத்ததையும் சொன்னேன். ராஜா எதற்குக் காலில் விழ வேண்டும் என்று பேத்தி கேட்டாள். இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான், மாலை 6:34
வண்டி கிளம்பிவிட்டது. சித்தி, நாங்கள் எஸ் 7 பெட்டி, கதவருகிலேயே நிற்கிறேன்.

கடையநல்லூர்ச் சித்தி, மாலை 6:36
ஆறு மணியிலிருந்து நடைமேடையில்தான் இருக்கிறோம். உன் சித்தப்பா பெட்டி எண்களை எண்ணிக்கொண்டே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கிறார்.

நான், மாலை 7:02
வண்டி இரண்டு நிமிடம் நின்றிருக்கும். தூக்குச் சட்டியைக் கையில் கொடுத்து, சின்னவன் கன்னத்தைக் கிள்ளி, பெரியவள் தலையில் ஒரு முழம் பிச்சிப்பூவை வைத்துவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் சித்தி "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று சொல்லி முடித்துவிட்டார். மேல்தட்டில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, நடுத்தட்டில் புளியோதரை, அடித்தட்டில் இன்னும் சூடு ஆறாத அதிரசம். நான்கு பேருக்கு இரண்டு நாளைக்குக் காணும்.

கோவை அண்ணன், மாலை 7:05
அதிரசத்தில் கோவைக்கு ஒரு பங்கு இருக்கிறதா?

கடையநல்லூர்ச் சித்தி, மாலை 7:09
உனக்கும் ஒரு ரயில் இருக்கிறது, ஏறி வா. சென்னைக்காரிக்கு ஒன்று சொல்கிறேன்: அந்தத் தூக்குச் சட்டி என் அம்மா எனக்குக் கொடுத்தது, அடியில் பெயர் வெட்டியிருக்கும். அதைக் கூரியரில் அனுப்பக் கூடாது.