பொருள்: "நினைவகப் பிழை" போதுமா? ஸ்க்ராட்ச் டிஸ்க்குக்கு ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: பதாகை வடிவமைப்பாளர், காத்ர் போர்ன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கே மொரீசியசில் தைப்பூசக் காவடி நெருங்குகிறது. கோவில்களுக்குப் பதாகை செய்யும் இளைஞர்களுக்காக நாம் தயாரிக்கும் கணினிக் கையேட்டில், பெரிய படக்கோப்புகள் பற்றிய பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் எழுத்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

படத்தைத் திருத்தும்போது கணினி காட்டும் "அவுட் ஆஃப் மெமரி"யை எல்லோரும் "நினைவகப் பிழை" என்றே எழுதுகிறோம். அது சரிதானா? அடுத்தது, படம் திருத்தும் நிரலான ஃபோட்டோஷாப் காட்டும் "ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்", அதாவது நிரல் தற்காலிகமாகப் பயன்படுத்தும் வன்தட்டு இடம் நிரம்பிவிட்டது என்ற செய்தி. இதைத் தமிழாக்கச் சொல்லிக் கோவில் பையன் ஒருவனிடம் கொடுத்தேன். "கீறல் வட்டு நிரம்பிவிட்டது" என்று எழுதி வந்தான். படிக்கிறவர் வட்டைக் கழற்றி எங்கே கீறல் என்று தேடத்தான் போகிறார்.

கையேட்டில் எடுத்துக்காட்டாக வைத்திருப்பது இது: முருகன் படம் ஒன்று, ஜேபெக், 40 எம்பி. பதாகை 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). கணினியில் 16 ஜிபி ராம், அதாவது நினைவகம். படத்தைத் திறந்து, பெரிதாக்கி, மேலே இரண்டு வரி எழுத்து வைத்ததும் நினைவகம் போதவில்லை என்று வேலை நின்றுவிடுகிறது. "40 எம்பி படத்துக்கு 16 ஜிபி போதாதா?" என்று பையன்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சொல் முடிவானால் விளக்கத்தை எழுதிவிடுவேன்.

அனுப்பியவர்: மென்பொருள் பொறியாளர், எபேன்

வணக்கம் தம்பி.

சொல்லுக்கு முதல் கணக்கைப் பார்ப்போம். 40 எம்பி என்பது வன்தட்டில் சுருக்கி வைத்த அளவு. திறந்தவுடன் சுருக்கம் கலைந்து, ஒவ்வொரு படப்புள்ளியும் நினைவகத்தில் முழுதாக இடம் பிடிக்கும். 6 மீட்டரை 300 டிபிஐயில் வைத்தால் 70,866 புள்ளிகள். 3 மீட்டர் 35,433. பெருக்கினால் ஏறக்குறைய 251 கோடி. அச்சுக்குரிய நான்கு நிறத்தில் புள்ளிக்கு 4 பைட்டு. ஆக ஒரு அடுக்குக்கு (லேயர்) மட்டும் 10 ஜிபி. இரண்டாவது அடுக்கும் முழுப்படமாக இருந்தால் 20. வண்ண ஆழத்தை 16 பிட்டாக வைத்தவர் எல்லாவற்றையும் இன்னொரு முறை இரட்டிப்பாக்கலாம். இதற்கு மேல் செயல்நீக்கப் படிகள், அதாவது செய்ததைத் திரும்பப் பெற உதவும் "அன்டூ" படிகள். ஃபோட்டோஷாப் புதிதாக நிறுவியபடியே இருந்தால் 50 படிகளை நினைவில் வைத்திருக்கும்.

இன்னொன்றையும் பையன்களுக்குச் சொல்லுங்கள். அந்தப் படத்தை அவர்கள் ஜேபெக்காகச் சேமிக்கவும் முடியாது. ஜேபெக்கில் ஒரு பக்கம் 65,535 புள்ளிக்கு மேல் போகாது. ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வடிவமான பிஎஸ்டி 30,000த்தோடு நின்றுவிடும், பிஎஸ்பி என்ற பெரிய வடிவம்தான் வேண்டும். தெருவில் தள்ளி நின்று பார்க்கும் பதாகைக்கு 300 டிபிஐ யார் கேட்டது? 100 வைத்தால் அதே பதாகை 23,622க்கு 11,811. அடுக்குக்கு 1.1 ஜிபி. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

இப்போது சொல்லுக்கு வருவோம். "நினைவகப் பிழை" என்பதை நான் ஏற்கமாட்டேன். பிழை என்றால் யாரோ தவறு செய்தார்கள், அல்லது ஏதோ கெட்டுப்போனது என்றுதான் விளங்கும். இங்கே ஒன்றுமே கெடவில்லை, இடம் போதவில்லை, அவ்வளவுதான். உண்மையாகவே ராம் கெட்டுப்போவதும் உண்டு. அதையும் இதே பெயரால் அழைத்தால், நல்ல ராமைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறவர்கள் வருவார்கள். இப்படி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. ஒரே கோப்பு, ஒரே வேலை, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் அது நினைவகப் பற்றாக்குறை. இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறெங்கோ நிற்கிறது, சேமித்த படத்தில் காரணமில்லாத வண்ணக் கோடுகள் வருகின்றன, படமே திறக்காதபோதும் நீலத்திரை வருகிறது என்றால் நினைவகப் பழுதைச் சந்தேகிக்க வேண்டும். மெம்டெஸ்ட் போன்ற சோதனை நிரலை இரவு முழுக்க ஓடவிட்டால் தெரிந்துவிடும். கடலோரக் காற்றில் ராமின் பொன்முலாம் பல்வரிசை மங்கியிருந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, கழற்றி, பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்துத் திரும்பப் பொருத்திப் பார்ப்பது கடைக்காரர் வைத்தியம். பல சமயம் வேலை செய்கிறது.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. கோவில் அலுவலகங்களில் கிடக்கும் பழைய கணினிகளில் 32 பிட் விண்டோஸ் இருக்கும். அது ஒரு நிரலுக்கு வழக்கமாக 2 ஜிபி நினைவக முகவரிதான் கொடுக்கும். அதற்குமேல் எத்தனை ஜிபி ராம் செருகினாலும் அந்த நிரலுக்கு எட்டாது. அதைப் பற்றாக்குறை என்றும் சொல்லமுடியாது, பழுது என்றும் சொல்லமுடியாது. "நினைவக வரம்பு" என்று வைக்கலாமா?

ஸ்க்ராட்ச் டிஸ்க்குக்கு என் முன்மொழிவு: பரண். ராமில் இடம் போதாதபோது, உடனே தேவைப்படாத படத்துண்டுகளைக் கொண்டுபோய் வன்தட்டில் வைக்கிற இடம். வீட்டில் கைக்கு இப்போது வேண்டாத சாமானைப் பரணில் ஏற்றுகிறோமே, அதேதான்.

அனுப்பியவர்: சேன் தெனி, ரெயூனியோன்

வணக்கம். நான் பெரியவனான பிறகு தமிழ் படித்தவன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

எங்கள் ரெயூனியோன் தீவிலும் உங்கள் மொரீசியசிலும் பலர் ஃபோட்டோஷாப்பைப் பிரெஞ்சில் வைத்திருக்கிறார்கள். அதில் கீறல் கிடையாது. "தீஸ்க் த த்ரவாய்" என்று இருக்கும், அதாவது வேலை வட்டு. "பணிவட்டு" என்று வைத்தால் பிரெஞ்சுத் திரையைப் பார்ப்பவருக்கு உடனே பொருந்தும். ராமைக்கூட நாங்கள் "மெம்வார் வீவ்", உயிருள்ள நினைவகம் என்கிறோம். மின்சாரம் போனால் அதன் உயிரும் போய்விடும்! ராமுக்கு உங்கள் தமிழ்ச் சொல்லான "தற்போக்கு அணுகு நினைவகம்" என்பதை இதுவரை ஒருவர் வாயாலும் கேட்டதில்லை.

அனுப்பியவர்: தமிழாசிரியை, மொக்கா

அனைவருக்கும் வணக்கம்.

பற்றாக்குறை, பழுது, வரம்பு: மூன்றையும் மனமார ஏற்கிறேன். மாணவர்களுக்கு மூன்றும் தெரிந்த சொற்கள்.

பணிவட்டு எனக்குப் பிடிக்கவில்லை. பணி என்றதும் பிள்ளைகள் தங்கள் வேலையை அங்கே சேமிப்பார்கள். "பணிவட்டில் வைத்தேன் டீச்சர், காணோம்" என்று வந்து நிற்பார்கள். நிரலை மூடினால் அங்கே இருப்பது அழிந்துவிடும் என்பதை அந்தச் சொல் சொல்லவில்லையே.

பரணுக்கும் ஒரு தடை இருக்கிறது. மொரீசியசில் வீட்டுப் பரண் எங்கே இருக்கிறது? 1960இல் அலிக்ஸ், கரோல் என்று இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து வந்து வீடுகளைப் பிடுங்கிப் போட்ட பிறகு, மெல்ல மெல்ல எல்லோரும் காங்கிரீட் கூரைக்கு மாறிவிட்டோம். என் வகுப்பில் பரண் என்றால் என்னவென்று கேட்டால் ஒரே விடைதான் வரும்: வள்ளி தினைப்புனத்தில் ஏறி நின்று "ஆலோலம்" பாடிக் குருவி ஓட்டிய இடம். காவடி எடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதை தெரியாமல் இருக்காது. பொறியாளர் ஐயா சொல்லும் பரணும் வள்ளியின் பரணும் ஒன்றா?

அனுப்பியவர்: மென்பொருள் பொறியாளர், எபேன்

அம்மா கேட்டது சரியான கேள்வி. இலங்கையில் எங்கள் வன்னியில் இரண்டையும் பரண் என்றுதான் சொல்லுவோம். வயலில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிற பரணும் உண்டு, அடுப்படிக்கு மேல் சாமான் வைக்கிற பரணும் உண்டு. கால் நாட்டி உயரத்தில் தட்டடித்தது எதுவும் பரண்தான். பிள்ளைகள் வள்ளியிடமிருந்து தொடங்கட்டும், மற்றதற்கு ஒரு படம் போட்டுக்காட்டினால் போதும்.

இந்தச் சொல்லுக்காக நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் வேறு. கலைச்சொல் பெயராக மட்டும் நின்றால் பாதி வேலைதான் நடக்கும், வினையும் வேண்டும். பணிவட்டிலிருந்து என்ன வினை பிறக்கும்? பரணிலிருந்து "பரணேற்று", "பரணிறக்கு" இரண்டும் தானாக வருகின்றன. "கணினி படத்துண்டுகளைப் பரணேற்றிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இழுக்கிறது" என்று எழுதலாம். வன்தட்டு விளக்கு ஓயாமல் மினுங்கி, தூரிகை பின்தங்கி வரும்போது நடப்பது இதுதான்.

சரிசெய்யும் வழிகளும் அதே சொல்லில் எழுத வருகிறது பாருங்கள். பரண் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் சி டிரைவில், ராம் போதாதபோது பயன்படுத்தும் தன்னுடைய இடமாற்றுக் கோப்பை விண்டோஸ் வைத்திருக்கும் அதே இடத்தில். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும். விருப்பத்தேர்வுகளில் போய்ப் பரணை வேறொரு எஸ்எஸ்டிக்கு (சுழலும் வட்டில்லாத வேகமான சேமிப்பகம்) மாற்றலாம். பென்டிரைவுக்கு மாற்றவேண்டாம், வேகம் போதாது. கிம்ப் என்ற படம் திருத்தும் நிரலிலும் இதே மாற்றத்தைச் செய்யலாம், அங்கே கோப்புறைகள் பகுதியில் இருக்கும். நிரல் இடையில் செத்துப்போனால் பரணில் ஏற்றியது இறங்காமல் கிடக்கும். தற்காலிகக் கோப்புறையில் "ஃபோட்டோஷாப் டெம்ப்" என்று தொடங்கி எண்ணோடு முடிகிற பெருங்கோப்புகள் அவைதான். ஃபோட்டோஷாப்பை மூடிவிட்டு அழிக்கலாம். அவற்றை அழித்ததுமே "வட்டு நிரம்பியது" என்ற முறைப்பாடு நின்றுபோன கணினிகள் உண்டு.

நினைவகப் பங்கைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். ஃபோட்டோஷாப் வழக்கமாக ராமில் 70 சதவீதத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். பையன்கள் அதை 100க்கு இழுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் விண்டோஸுக்கே மூச்சுமுட்டும், முன்னையைவிட மெதுவாகும். செயல்நீக்கப் படிகளை 50இலிருந்து 10க்குக் குறைப்பது அதைவிட நல்ல பலன் தரும். திருத்து பட்டியலில் உள்ள "பர்ஜ்" படிகளையும் ஒட்டுப்பலகையையும் காலி செய்யும். ஆனால் அதற்குப் பிறகு பின்னோக்கிப் போகமுடியாது.

லினக்ஸ்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அங்கே பற்றாக்குறை முற்றினால் செய்தி ஒன்றும் வராது. இயங்குதளத்தின் கருவே (கெர்னல்) பெரிய நிரலாகப் பார்த்துக் கொன்றுவிடும், சாளரம் திடீரென்று மறையும். "டிமெசேஜ்" கட்டளையில் பார்த்தால் தடயம் இருக்கும். ஆகலும் ஏமாற்றுவது இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் நிரல். "கேஷ் ரிசோர்சஸ் எக்ஸாஸ்டட்" (தற்காலிக நினைவிடம் தீர்ந்தது) என்று சொல்லி நிற்கும், ராமைப் பார்த்தால் பாதிக்குமேல் காலி. உபுண்டு லினக்ஸில் அதன் கொள்கைக் கோப்பில் நினைவகம் 256 எம்பி, அகலம் 16,000 புள்ளி என்று கட்டுப்பாடு எழுதி வைத்திருப்பார்கள். அந்த எண்ணை உயர்த்தினால் வேலை நடக்கும். இதையும் "நினைவக வரம்பு" என்ற தலைப்பிலேயே போடலாம். 32 பிட் வரம்பு மாற்றமுடியாதது, இது ஒருவர் எழுதி வைத்த வரம்பு. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அனுப்பியவர்: தமிழாசிரியை, மொக்கா

வினை பிறக்கிறது என்ற வாதத்துக்குப் பிறகு நான் மறுக்கவில்லை. "பரணேற்று" அழகாகவே இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும்: கையேட்டில் "பரண்வட்டு" என்று வட்டைச் சேர்க்காதீர்கள். எஸ்எஸ்டியில் வட்டே கிடையாது. தனியாகப் பரண் என்றே இருக்கட்டும். பிரெஞ்சுத் திரையைப் பார்ப்பவருக்காக "தீஸ்க் த த்ரவாய்" என்பதையும் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே போடுங்கள். பிள்ளைகள் திரையில் தேடப்போவது அதைத்தான்.

அனுப்பியவர்: பதாகை வடிவமைப்பாளர், காத்ர் போர்ன்

நன்றி அம்மா, நன்றி அண்ணா. கையேட்டில் போகும் வாசகம் இது. இன்றிரவு சேர்க்கிறேன், மாற்றம் வேண்டுமென்றால் அதற்குள் சொல்லுங்கள்.

"பரண்: நினைவகம் போதாதபோது படம் திருத்தும் நிரல் படத்துண்டுகளைத் தற்காலிகமாக ஏற்றி வைக்கும் வன்தட்டு இடம். ஃபோட்டோஷாப்பில் ஸ்க்ராட்ச் டிஸ்க், பிரெஞ்சில் தீஸ்க் த த்ரவாய். நிரலை மூடினால் இதில் உள்ளது அழிந்துவிடும், உங்கள் படத்தை இங்கே சேமிக்காதீர்கள். பரண் நிரம்பியது என்று செய்தி வந்தால், முதலில் பதாகையின் டிபிஐயைப் பாருங்கள்."

அனுப்பியவர்: சேன் தெனி, ரெயூனியோன்

எனக்கு இன்னும் பணிவட்டுதான் பிடித்திருக்கிறது. ஆனால் கடைசி வரிக்காக ஒப்புக்கொள்கிறேன். கிம்ப்பின் "டைல் கேஷ்" பற்றி யாரும் பேசவில்லையே. ராமில் எவ்வளவு நிரம்பிய பிறகு பரணேற்றத் தொடங்க வேண்டும் என்பதை அதுதானே தீர்மானிக்கிறது? அதற்கு என்ன சொல்?