புதுப்பிப்பு: மங்கிய ஹெட்லைட், கடைசியில் குற்றவாளி வேறு

போன மாதம் என் பழைய கரோலா காரின் ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது, எல்இடி பல்பு போடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். வேண்டாம் என்றீர்கள். கேட்கவில்லை, போட்டேன்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தால் பட்டப்பகல்! ஆனால் ஹிக்கின்சன் ஹைவேயில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஹைபீம் அடித்தே என்னைத் திட்டினார்கள். பழைய ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் விளக்குக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். எல்இடி சில்லு அந்த இடத்தில் சரியாக உட்காராவிட்டால் வெளிச்சம் சிதறி அடுத்தவர் கண்ணுக்குத்தான் போகும்.

கழற்றிவிட்டேன். மறுபடி சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு, ஹைபீம் 60, லோபீம் 55 வாட். பல்புக் கண்ணாடியில் விரல் படாமல் டிஷ்யூ சுற்றித்தான் மாட்டினேன். பல்பைப் பிடிக்கும் கம்பிக் கிளிப் துள்ளி ரேடியேட்டர் பக்கம் விழுந்து, காந்தம் கட்டிய குச்சியால் அரை மணி நேரம் துழாவியது தனிக் கதை.

இதற்குள் மச்சான் மல்ட்டிமீட்டரோடு வந்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பல்பு பிளக்கில் 11.8 தான். ஹாலஜனுக்கு வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். ஹெட்லைட்டைக் கார் பாடியோடு இணைக்கும் எர்த் வயர் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கிறது. டர்பன் உப்புக்காற்று, வேறென்ன? உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கினோம். இப்போது பல்பு பிளக்கில் 13.2 வோல்ட்.

எல்இடிக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். சனிக்கிழமை ரோட்வர்த்தி (வாகனத் தகுதி) சோதனை நிலையத்தில் பீம் உயரத்தைச் சரிபார்க்கப் போகிறேன்.