ஸ்டாண்ட்பையை ரீபூட் பண்ணா பிரைமரியும் ரீட்-ஒன்லி ஆகுது: பாட்ரோனி, எட்சிடி உதவி தேவை

கொங்கு_அட்மின்:
வணக்கம். எங்ககிட்ட ரெண்டு விஎம் (விர்ச்சுவல் மெஷின்). ஒண்ணு பிரைமரி, எழுத்தெல்லாம் அதுல; இன்னொண்ணு ஸ்டாண்ட்பை, அதோட நகல். ரெண்டுலயும் போஸ்ட்கிரெஸ் 14 (டேட்டாபேஸ்), பாட்ரோனி (எது பிரைமரின்னு பாத்து மாத்துறது), எட்சிடி (அந்தத் தகவலைப் பொதுவா வச்சிருக்கிற ஸ்டோர்) மூணும் ஓடுது. முன்னாடி, கனெக்ஷனைப் பிரைமரிக்கு அனுப்ப ஒரு ஹெச்ஏபிராக்ஸி. கடைகளோட பில்லிங் முழுக்க இதுலதான்.

சனிக்கிழமை ராத்திரி கெர்னல் பேட்ச் போட ஸ்டாண்ட்பையை மட்டும் ரீபூட் பண்ணேன். பிரைமரி பக்கமே போகல. ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லா கவுன்ட்டர்லயும் எரர்: ரீட்-ஒன்லி டிரான்ஸாக்ஷன்ல இன்சர்ட் முடியாதாம். ஸ்டாண்ட்பை எழுந்ததும் தானா சரியாயிடுச்சு. பிரைமரியோட பாட்ரோனி லாக்ல, டிசிஎஸ்ஸை (அதாவது எட்சிடியை) எட்ட முடியல, நான் லீடரா (பிரைமரியா) இருந்ததால என்னையே டிமோட் பண்ணிக்கிட்டேன் (ரீட்-ஒன்லிக்கு இறக்கிக்கிட்டேன்)ங்கிற மாதிரி ஒரு வரி.

"இதுக்கு ஒரே மெஷினே வச்சிருக்கலாமே"ன்னு மேனேஜர் கேக்குறார். டிடிஎல்லை (லீடர் பதவி புதுப்பிக்காம எத்தனை வினாடி செல்லும்ங்கிறது) 30-லருந்து 60 ஆக்கினா சரியாகுமா?

டெவ்_குமரன்:
ப்ரோ, 300 வச்சிடுங்க. ரீபூட் முடியுற வரைக்கும் தாங்கும்.

வால்_கோப்பு:
தயவுசெஞ்சு 300 வைக்காதீங்க. பிரைமரி நிஜமாவே செத்தாலும் அஞ்சு நிமிஷம் யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க. அதோட, டிமோட் ஆகுறது டிடிஎல் முடிஞ்சு இல்ல. எட்சிடி பதில் சொல்லலன்னா ரீட்ரை டைம்அவுட் வரைக்கும் முயற்சி பண்ணிட்டு பிரைமரி இறங்கிடும். அதோட டீஃபால்ட் 10 வினாடி.

உங்க மேனேஜர் சொன்னதுல பாதி சரி. எட்சிடிக்கு எப்பவும் பாதிக்கு மேல ஓட்டு வேணும். ரெண்டு பேர்ல பாதிக்கு மேலன்னா ரெண்டு பேரும்தான். நகராட்சிக் கூட்டத்துல கோரம் இல்லன்னா தீர்மானம் போட முடியாதில்லையா, அதே கதை. எந்த ஒண்ணு விழுந்தாலும் எட்சிடி நின்னுடும். ஒத்த மெஷினுக்கு இருக்கிறதைவிட விழுற வாய்ப்பு இங்க அதிகம். மூணு இருந்தா ஒண்ணு விழலாம். நாலு வச்சாலும் ஒண்ணுதான். அஞ்சுல ரெண்டு.

பிரைமரி பிழை எதுவும் பண்ணல. அந்தப் பக்கம் ரீபூட்டா, கேபிள் அறுந்துச்சான்னு அதுக்குத் தெரியாது. தொடர்ந்து எழுதிட்டே இருந்து, அங்க இன்னொண்ணு பிரைமரி ஆயிட்டா? 2018 அக்டோபர் 21-ல கிட்ஹப்புக்கு நடந்ததைப் பாருங்க. அமெரிக்கக் கிழக்குக் கரையில நெட்வொர்க் அறுந்தது வெறும் 43 வினாடி. அதுக்குள்ள அவங்களோட ஆர்கெஸ்ட்ரேட்டர் (பாட்ரோனி மாதிரி, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு) மேற்குக் கரை மைஎஸ்க்யூஎல்லை பிரைமரி ஆக்கிடுச்சு. கிழக்குல கடைசியா எழுதினது மேற்குக்குப் போய்ச் சேரல, மேற்குல புதுசா எழுதினது கிழக்குல இல்ல. எல்லாம் சீராக 24 மணி 11 நிமிஷம் ஆச்சு. உங்களுக்குப் போனது ஒரு ரீபூட் நேரம்.

தீர்வு: மூணாவதா ஒரு சின்ன விஎம், எட்சிடி மட்டும். போஸ்ட்கிரெஸ் தேவையே இல்ல. ஆனா அது வேற ஃபிசிக்கல் ஹோஸ்ட்ல இருக்கணும், இல்லன்னா காசு தண்டம். ரெண்டும் உயிரோட இருக்கும்போதே மெம்பர் ஆட் பண்ணிட்டு, அப்புறம் புதுசை ஸ்டார்ட் பண்ணுங்க. பாட்ரோனி ஒய்ஏஎம்எல்ல ஹோஸ்ட் பட்டியலையும் மாத்த மறக்காதீங்க.

டெவ்_குமரன்:
பாட்ரோனி 3.0-ல ஃபெயில்சேஃப் மோட் வந்திருக்கே? எட்சிடி போனாலும் பிரைமரி நிக்கும்னு படிச்சேன்.

வால்_கோப்பு:
நிக்கும், ஆனா கிளஸ்டர்ல இருக்கிற எல்லா மெம்பரும் பாட்ரோனியோட ரெஸ்ட் ஏபிஐல (ஹெச்டிடிபி வழியா) பதில் சொன்னாதான். இங்க ரீபூட் ஆகுறதே அந்த இன்னொரு மெம்பர். உதவாது. மூணாவது விஎம் வர்ற வரைக்கும் ஸ்டாண்ட்பையைத் தொடுறதுக்கு முன்னாடி பாட்ரோனிசிடிஎல்ல (பாட்ரோனியோட கமாண்ட்) பாஸ் (pause) போடுங்க. பாஸ்ல இருந்தா எட்சிடி போனாலும் டிமோட் ஆகாது. வேலை முடிஞ்சதும் ரெஸ்யூம். பாஸ்லயே விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டா தானியங்கி ஃபெயில்ஓவர் (பிரைமரி விழுந்தா ஸ்டாண்ட்பை அந்த இடத்துக்கு வர்றது) கிடையாது.

இன்னொண்ணு உறுத்துது. ரீட்-ஒன்லி எரர் வருதுன்னா, டிமோட் ஆன மெஷினுக்கே ஹெச்ஏபிராக்ஸி இன்னும் கனெக்ஷன் அனுப்புது. போஸ்ட்கிரெஸ் போர்ட் 5432 திறந்திருக்கான்னு மட்டும் பாக்குதா?

கொங்கு_அட்மின்:
ஆமாங்க, வெறும் டிசிபி செக். ரெண்டாவது சர்வர் பேக்கப்னு போட்டிருக்கு.

வால்_கோப்பு:
அப்போ நிஜ ஃபெயில்ஓவர் நடந்து பழைய பிரைமரி ஸ்டாண்ட்பையா திரும்பி வந்தா, ஹெச்ஏபிராக்ஸி எழுத்தையெல்லாம் அதுக்கே அனுப்பும். ஹெச்டிடிபி செக்கா மாத்துங்க, பாட்ரோனியோட போர்ட் 8008, பாத் /primary. லீடர் மட்டும்தான் 200 (சரி) சொல்லும். கூடவே, டவுன்னு குறிச்சதும் பழைய செஷன்களை அறுக்கிற ஆப்ஷனையும் போடுங்க. இல்லன்னா ஆப்ஸோட கனெக்ஷன் பூல் செத்த கனெக்ஷனைப் பிடிச்சிட்டுத் தொங்கும்.

கொங்கு_அட்மின்:
மூணாவது விஎம், ஹெச்டிடிபி செக், ரெண்டும் பண்ணியாச்சு. ஸ்டாண்ட்பையை ரீபூட் பண்ணேன், பில் நிக்கல. அப்புறம் டெஸ்ட் செட்டப்ல பிரைமரியை பவர் ஆஃப் பண்ணேன். அரை நிமிஷம் போல எரர், அப்புறம் புது பிரைமரிக்குத் தானா போயிடுச்சு. ஆனா கடைசியா போட்ட ரெண்டு பில்லைக் காணோம்.

வால்_கோப்பு:
ரெப்ளிகேஷன் அசிங்க்ல இருக்கு, ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கமிட் முடிஞ்சிடும், அதான். பில்லிங்னா பாட்ரோனில சிங்க்ரனஸ் மோடை ஆன் பண்ணுங்க. ஒவ்வொரு கமிட்டும் ஸ்டாண்ட்பைக்காகக் கொஞ்சம் காத்திருக்கும். ஸ்ட்ரிக்ட் மோட் மட்டும் வேண்டாம். உங்களுக்கு இருக்கிறது ஒரே ஸ்டாண்ட்பை, அது விழுந்தா எழுத்து அப்படியே நின்னுடும்.

கொங்கு_அட்மின்:
நன்றிங்க. ஹெச்ஏபிராக்ஸியும் ஒண்ணுதான் இருக்கு, அது விழுந்தா?

வால்_கோப்பு:
இன்னொரு ஹெச்ஏபிராக்ஸி, ரெண்டுக்கும் கீப்அலைவ்டி, ஒரு விஐபி (ஒண்ணு விழுந்தா கீப்அலைவ்டி இன்னொண்ணுக்கு மாத்துற பொது ஐபி). அதுக்குத் தனி இழை போடுங்க, கான்ஃபிகையும் சேர்த்து.